பத்தரை மணிக் கோபம்

எங்கள் பள்ளத்தாக்கை அகிம்சைப் பள்ளத்தாக்கு என்று அறிவித்து நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் இங்கே அடிதடியே கிடையாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். உருளைக்கிழங்கு தோண்டி முடித்து, சாங் என்கிற எங்கள் ஊர்க் கள்ளைக் குடித்து, வருஷத்துக்கு இரண்டு பல்லாவது போகும். பல் போனவனும் போக்கினவனும் மறுநாள் ஒரே அடுப்பில் குளிர் காய்வார்கள். அறிவிப்பு வந்த பிறகுதான் ஊரில் முழுப் பல்வரிசை உள்ளவனைத் தேட வேண்டியதாயிற்று.

அறிவித்தது உயர்மலை அமைதி அனுபவ வாரியம். அதன் இயக்குநர் ரிஷிகேஷ் தபலியா காத்மாண்டுவிலிருந்து ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். ஆரஞ்சு நிற இறகுச் சட்டை, கையில் ஒரு ஆக்சிஜன் டப்பா. எங்கள் உயரத்தில் அவருக்கு ஒரு வாக்கியம் முழுசாக வராது. பாதி பேசுவார், டப்பாவை மூக்கில் வைத்து உறிஞ்சுவார், மீதியைப் பேசுவார். ஊர்க்காரர்கள் அதைப் பெரிய இடத்துப் பழக்கம் என்று நினைத்து மரியாதையாகக் காத்திருப்பார்கள்.

நான் ஸாங்பு. பதினெட்டு வருஷமாக வழிகாட்டி. முன்பெல்லாம் வேலை எளிது. வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பதினோரு நாள் ஏறுவேன். பனிமலை தெரியும், பார்ப்பார்கள். மடத்தில் லாமாக்கள் நீளக் கொம்பு ஊதுவார்கள், கேட்பார்கள். கணவாயில் வாந்தி எடுப்பார்கள். வாழ்க்கையே மாறிவிட்டது என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்ச் சேருவார்கள். வாரியம் இதற்கு ‘அமைதி நடை’ என்று பெயர் வைத்தது. அமைதி என்று பெயர் வைத்தால் அதைக் காக்க ஆள் வேண்டுமே. கீழ்மலையிலிருந்து பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த இருபது பேரைப் பிடித்து ‘சாந்திக் காவலர்’ ஆக்கினார்கள். ஆளுக்கு ஒரு மூங்கில் தடி. தடியில் பிரார்த்தனைக் கொடியின் ஐந்து நிறத் துணியைச் சுற்றியிருந்தார்கள். துணி சுற்றினால் அது தடி இல்லையாம், மரபுச் சின்னமாம். முதுகில் விழுந்தபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முதல் ரத்தம் மணிச் சுவரில் விழுந்தது. மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய சுவர் அது. எங்கள் பாதை நெடுக இருக்கிறது. எப்போதும் வலமாகத்தான் போவோம். மூட்டை தூக்குகிறவன் எண்பது கிலோவோடு திணறிக்கொண்டு வந்தாலும், அந்தப் பக்கம் மேடாக இருந்தாலும், வலம்தான். இடமாகப் போனால் செத்த பிறகு என்ன ஆகும் என்று தெரிந்தவன் எவனும் போக மாட்டான். வாரியத்துக்கு இது நெரிசலாகத் தெரிந்தது. ஆகவே பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்ற வேண்டும் என்று பலகை வைத்தார்கள்.

என் சுமைக்காரர்கள் இடமாகப் போக மறுத்தார்கள். காவலர்கள் மரபுச் சின்னத்தால் கெண்டைக்காலில் போட்டார்கள். ஒருவன் மூட்டையை இறக்கிவிட்டுக் காவலன் காதைக் கடித்தான். அதற்குள் வலமாக வந்த கூட்டமும் இடமாக வந்த கூட்டமும் சுவரின் முனையில் முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டன. வெளிநாட்டுக்காரர்களுக்கு யார் யாரை எதற்கு அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை, இருந்தாலும் நடைக்கோலை ஓங்கிவிட்டார்கள். பதினோரு மண்டை உடைந்தது. நான் ஒரு வெளிநாட்டுக் கிழவரின் தலையில் என் தொப்பியை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொப்பி நனைந்து கனத்துவிட்டது. வாரியத்தின் அறிக்கை மறுநாள் வந்தது. பதினோரு விருந்தாளிகள் மணிச் சுவரருகே ஆழ்ந்த தியானத்தில் இருக்கிறார்கள் என்று அதில் இருந்தது.

பிறகு மன்னிப்புப் பயிற்சி வந்தது. மடத்து முற்றத்தில் விருந்தாளிகளை வரிசையாக நிறுத்திக் காவலர்கள் ஆளுக்கு ஒரு அறை விடுவார்கள். விருந்தாளி புன்னகைக்க வேண்டும். புன்னகைத்தால் கழுத்தில் வெள்ளைத் துண்டு. ஒரு உயரமான ஆள் புன்னகைக்காமல் திருப்பி அறைந்தான். காவல் தலைவன் புத்திமானுக்கு முன்பல் இரண்டு போயிற்று. புத்திமான் என்பது பெயர்தான். அந்த ஆளை நாலு பேராகத் தூக்கி நூற்றெட்டுப் படியில் உருட்டினார்கள். மடத்து லாமா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு இயக்குநர் எங்களையெல்லாம் கூட்டி வைத்துப் பேசினார். அதை மறக்க முடியாது.

“அகிம்சைன்னா சும்மா வந்துடுமா? எல்லாரும் ஒழுங்கா இருந்தா…” டப்பாவை உறிஞ்சினார். “…அகிம்சை இருக்கறதே யாருக்குத் தெரியும்? ஒருத்தனை உதைக்கணும். அப்புறம் உதைக்கறதை நிறுத்தணும். அந்த நிறுத்தறது இருக்கே, அதான் அமைதி. அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் ஏறி வர்றாங்க.”

நாங்கள் தலையாட்டினோம். தலையாட்டாதவனுக்கு அடுத்த நடையில் வேலை இல்லை.

இதெல்லாம் ஊர்ப் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். என் வீட்டு வாசலுக்கு வரும் வரைக்கும் எல்லாருக்கும் அப்படித்தானே.

என்னிடம் ஒரு யாக் இருந்தது. உடம்பு கறுப்பு, முகம் மட்டும் வெள்ளை, அதனால் கவா, எங்கள் பேச்சில் வெள்ளைமூஞ்சி, என்று பெயர். அதன் தாய் பனிச்சரிவில் போய்விட்டது. மூன்று நாள் கன்றாக இதைச் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தேன். என் பெண்டாட்டி யாங்ஜி புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாலு வருஷத்துக்கு முன் கணவாய்க்குக் கீழே நான் கால் முறிந்து கிடந்தபோது, ஒரு பகலும் இரண்டு இரவும் இந்த மாடு என் பக்கத்தில் படுத்து அசையாமல் இருந்தது. அதன் வயிற்றுக் கதகதப்பில்தான் நான் உயிரோடு இருக்கிறேன். மாட்டைப் பற்றி இப்படிப் பேசுகிறானே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

வாரியத்தின் நாள்காட்டிக்கு இயக்குநர் யாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற படம் வேண்டுமாம். சாதுவான மாடு எது என்று விசாரித்தார்கள். கிறுக்கன் நான்தான் கையைத் தூக்கினேன். வந்தவர்கள் கவாவின் கொம்புக்கு ஆரஞ்சுச் சாயம் பூசினார்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். அது வரைக்கும் பொறுத்தது. மாடு சிரிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று புத்திமான் அதன் மேலுதட்டைக் குச்சியால் தூக்கினான். கவா குச்சியை விட்டுவிட்டு இயக்குநரை எடுத்தது. மூன்று வரப்பு தாண்டிக் கிழங்கு வயலில் போய் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அகிம்சைப் பள்ளத்தாக்கில் தகுந்த அனுமதி இல்லாமல் நடந்த முதல் வன்முறை அதுதான்.

விடுதியின் சாப்பாட்டு அறையில் விசாரணை வைத்தார்கள். குற்றவாளி வாசலுக்குள் நுழைய முடியாததால் ஜன்னலுக்கு வெளியே கட்டினார்கள். இயக்குநர் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு குற்றப்பத்திரிகை வாசித்தார். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். கவா ஜன்னல் கண்ணாடியை நக்கியது. அது வருத்தம் தெரிவிக்கவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். நான் எழுந்து, அது அறியாமல் செய்துவிட்டது, என்னை வேண்டுமானால் அடியுங்கள் என்றேன். அடித்தார்கள். பிறகு தீர்ப்பைச் சொன்னார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் எந்த உயிரையும் கொல்ல மாட்டோம். தாத்தா காலத்து விரதம். அதற்காக இறைச்சி தின்ன மாட்டோம் என்று இல்லை. எங்கள் மாடுகள் விழும். பாறை விளிம்பில் மேயும்போது கால் தவறி விழும். பெரும்பாலும் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் விழும், அதுவும் கொழுத்த மாடாகப் பார்த்து விழும். எப்படி விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. நன்றாகத் தின்றிருக்கிறேன். வாரியம் எங்களிடம் கற்றுக்கொண்ட ஒரே வழக்கம் இதுதான்.

“நாங்க கொல்ல மாட்டோம் ஸாங்பு,” என்றார் இயக்குநர். “வாரியம் ஒரு எறும்பைக்கூட…” டப்பா. “…கொன்னதில்ல. உங்க மரபு எதுவோ அதை மதிக்கிறோம். உன் மாடு விழட்டும். யாரும் தள்ளப் போறதில்ல. அதுக்கு நிக்க இடம் இல்லாம பண்ணுவோம், அவ்வளவுதான்.”

ஒரு படிவம் கொடுத்தார்கள். மாடு தானாக விழும் தேதி, மாடு தானாக விழும் நேரம், உடன் இருக்கும் அதிகாரிகள் என்று மூன்று கட்டம். செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி என்று முன்பே நிரப்பியிருந்தார்கள். கவா வேறு யார் இழுத்தாலும் வராது என்பதால் விளிம்பு வரைக்கும் நான்தான் கூட்டி வர வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்றேன். மரபுக்குக் கைநாட்டுத்தான் பொருத்தம் என்று புத்திமான் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கினான்.

யாங்ஜி அன்று அடுப்பே மூட்டவில்லை. கீழே பாலத்தில் காவலர்கள் இருந்தார்கள். மேலே கணவாயில் இடுப்பளவு பனி. இரண்டையும் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். “ஊரானுக்கெல்லாம் பதினெட்டு வருஷமா வழி காட்டினே,” என்றாள். “உன் மாட்டுக்கு ஒரு வழி காட்ட வக்கில்ல.” எனக்கு அழுகை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை போனோம். விளிம்புக்கு எதிர்மேட்டில் நாற்காலி போட்டு இருபத்திரண்டு விருந்தாளிகளை உட்கார வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் ஏழாம் நாள் ‘நிலையாமை’ என்று ஒரு பாடம் உண்டு. அதற்கு இதையே காட்டிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். பின்னால் பனிமலை பளபளவென்று நின்றது. வெண்ணெய்த் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காவலர்கள் அரைவட்டமாக நின்று தடியை நீட்டிக்கொண்டு ஓரோர் அடியாக நெருங்கினார்கள். தொடக்கூடாது, தொட்டால் தள்ளியதாகிவிடும் என்று உத்தரவு. கவா என்னைப் பார்த்தது. பின்னங்கால் குளம்பு விளிம்பில் சறுக்கிக் கல் உருண்டது. கல் கீழே போய்ச் சேரும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. அந்தச் சத்தத்தில் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற காவலனின் தடியைப் பிடுங்கி அவன் முகத்திலேயே போட்டேன். மூக்கு பிளந்தது. வட்டத்தில் ஓட்டை விழுந்ததும் கவா அதன் வழியாக வந்தது. வரும் வழியில் ஒருவனின் விலாவைக் கிழித்தது. இன்னொருவனைத் தூக்கிப் பாறையில் அடித்தது. அவன் கை முழங்கையில் திசை மாறித் தொங்கியது. புத்திமான் என் முதுகில் ஏறிக் கழுத்தை நெரித்தான். அவன் கட்டைவிரலைக் கடித்துத் துப்பினேன். என் கட்டைவிரலை மையில் அமுக்கியதற்கு அது சரியாகப் போயிற்று என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். கடைசியாக இயக்குநர் முன்னால் வந்து அமைதி, அமைதி என்றார். நெற்றியால் அவர் மூக்கில் இடித்தேன். ஆரஞ்சுச் சட்டை கிழிந்து இறகெல்லாம் பறந்து ரத்தத்தில் ஒட்டியது.

எதிர்மேட்டில் கைதட்டல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் கொண்ட காவல் தெய்வத்தின் நடனத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருக்கிறாளாம், இவ்வளவு உண்மையாக ஆடி இன்றுதான் பார்க்கிறாளாம். தினமும் உண்டா என்று ஒருவர் கேட்டார். இயக்குநர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. “உண்டு,” என்றார். “பத்தரைக்கு.”

இப்படித்தான் கவாவின் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. ரத்து செய்யவில்லை. கைநாட்டு வைத்த படிவம் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்கள். காட்சி நடக்கிற வரைக்கும் மாடு நடமாடலாம்.

தினமும் பத்தரைக்கு நாங்கள் அடித்துக்கொண்டோம். ஆள் எலும்பு முறிந்து படுத்தால் கீழ்மலையிலிருந்து வேறு ஆள் வரும். மூன்று விடுதிகளில் இடம் கிடைக்காமல் விருந்தாளிகள் மாட்டுக் கொட்டிலில் படுத்தார்கள். மணிச் சுவரில் மண்டை உடைந்த கிழவர்கூட மறுபடியும் வந்துவிட்டார். யாங்ஜி என் புருவத்துக்குத் தையல் போட்டபடி, முன்பு உதை வாங்கினால் உதை மட்டும்தான் கிடைத்தது, இப்போது துண்டும் போடுகிறார்களே, உன் யோகம் என்றாள். நான் கவா உயிரோடு இருக்கிறதே என்று இருந்தேன். அது போதும் என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் கவாவுக்கு அலுத்துவிட்டது. மாடு முட்டாள் இல்லை. இதில் ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டது. காவலர்கள் தடியை நீட்டினால் நின்ற இடத்தில் அசை போட்டது. ஒருநாள் புத்திமான் பக்கத்தில் போய் நின்று அவன் தோளில் முகத்தைத் தேய்த்தது. அவனும் தன்னை மறந்து அதன் காதைச் சொறிந்துவிட்டான். மேட்டில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் அந்தப் படிவம் இருந்தது. பக்கத்தில் முனையில் ஆணி அடித்த ஒரு தடி.

“அடியாத மாடு படியாதுன்னு சொல்லுவாங்க,” என்றார். “நமக்கு இது…” டப்பா. “…படிஞ்சுடக் கூடாது. காலையில நாலு போடு. நீ வளர்த்த மாடு, நீ அடிச்சாத்தான் அதுக்குக் கோபம் வரும். மத்தவன் அடிச்சா வலிதான் வரும். வேணாம்னா சொல்லு, செவ்வாய்க்கிழமை காலியாத்தான் இருக்கு.”

அடித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அடித்தேன். முதல் அடிக்கு அது நகரக்கூட இல்லை. தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்திருக்கும். நாலாவது அடியில் தொடையில் ரத்தம் வந்தது. அன்று பத்தரைக்கு ஒரு காவலனின் தொடை எலும்பை இரண்டாக உடைத்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. மறுநாளும் அடித்தேன். ஐந்தாம் நாள் நான் வருவதைப் பார்த்ததும் கயிறு இழுபடும் வரைக்கும் பின்னால் போயிற்று. ஒன்பதாம் நாள் யாங்ஜி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அந்த விளிம்பிலேயே அது போயிருந்தால் ஒரே தரம் விழுந்திருக்கும் என்பது மட்டும்தான் அவள் கடைசியாகச் சொன்னது.

பத்தொன்பதாம் நாள் காலை ஒன்பதே முக்கால் இருக்கும். விளிம்பருகே இருந்த காட்சி மைதானத்தில் இயக்குநர் தானே வந்து மேற்பார்வை பார்த்தார். நான் அடித்தேன். கவா பின்வாங்கவில்லை, முட்ட வரவில்லை, கத்தவில்லை. நின்றது. இன்னும் இரண்டு போட்டேன். தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். அதற்குள் இருந்தது எல்லாம் தீர்ந்துபோய்விட்டது.

“இப்படி இருந்தா எப்படி?” என்றார் இயக்குநர். “கண்ணுக்குப் பக்கத்துல போடு.”

தடியை ஓங்கினேன். அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறக்கினேன். உட்கார்ந்துவிட்டார். ஆணி இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் முக்கால் மணி நேரம்…” என்றார். டப்பாவைத் தேடினார். “…இருக்கே.”

“இது காட்சி இல்ல சார்,” என்றேன்.

“நல்லா இருக்கு,” என்றார். “இதையே அப்போ பண்ணு.”

அவருக்குப் புரிகிற வரைக்கும் அடித்தேன். படித்தவர், சீக்கிரம் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். நேரம் பிடித்தது. புரிந்துவிட்டது என்பது அவர் கண்ணில் தெரிந்ததும் நிறுத்தினேன்.

காவலர்கள் விடுதியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணவாயில் பனி இளகியிருந்தது. கவாவின் கயிற்றை அவிழ்த்தேன், என்னோடு வர மறுத்தது. யாங்ஜி வந்து முன்னால் நடந்தாள், அவள் பின்னால் போயிற்று. நான் நாற்பது அடி தள்ளி நடந்தேன். நெருங்கினால் அது நின்றுவிடும். அப்படியே கணவாய் ஏறி அந்தப் பக்கம் இறங்கினோம்.

பத்தரைக்கு நடந்ததை ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் வந்த சுமைக்காரன் சொன்னான். விருந்தாளிகள் வந்து வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தார்களாம். மைதானத்தில் இயக்குநர் மட்டும் கிடந்தாராம். டப்பா எட்டாத தூரத்தில் உருண்டிருக்கிறது. அதனால் அவருக்குக் குரல் வரவில்லை. மேட்டைப் பார்த்து ஒரு கையை மட்டும் தூக்கினாராம். விருந்தாளிகள் எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டினார்களாம்.